மதுரை மீனாட்சி அம்மன் கோவில்: முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் பிறந்தவர்களுக்குக் கூடவே வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து சித்தப்பா வந்தாலும் சரி, கூட வேலை பார்ப்பவரின் மாமனார் வந்தாலும் சரி, கோவிலுக்கு அழைத்துப் போவது நம் பொறுப்பு. அப்படிப் போய்ப் போய், ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. பலரும் வரிசையில் நின்று, அம்மனைக் கும்பிட்டு, குங்குமம் வாங்கிக்கொண்டு "பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள். கும்பிட்டாச்சு என்பது சரி. பார்த்தாச்சு என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

தரிசனத்துக்குத் தனியாக, சுற்றிப் பார்க்கத் தனியாக நேரம் வையுங்கள். கூட்டமில்லாத நாளில் தரிசனம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, ஆடி, மார்கழி, சபரிமலை சீசன் என்றால் வரிசை எங்கே முடிகிறது என்று கணக்குச் சொல்ல முடியாது. மண்டபங்களையும் தூண்களையும் நிதானமாகப் பார்க்க குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கோவில் சுமார் 15 ஏக்கர்.

நடை எப்போது திறக்கும்?

காலை 5 மணி வாக்கில் திறந்து பகல் 12.30 வாக்கில் சாத்துவார்கள். மாலை 4 மணிக்குத் திறந்தால் இரவு 10 மணி வரை. விழா நாட்களில் இது மாறும். மதியம் ஒரு மணிக்கு மதுரையில் இறங்கி நேராகக் கோவிலுக்கு ஓடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து வாருங்கள்.

எந்த வாசல் வழியாகப் போவது?

பெரிய கோபுரங்கள் நான்கு திசையிலும் இருக்கின்றன. எது வழியாகவும் போகலாம். ஆனால் மதுரைக்காரர்களுக்கு வாசல் என்றால் கிழக்கில் இருக்கும் அம்மன் சன்னதி வாசல்தான். அங்கே பெரிய கோபுரம் கிடையாது. அஷ்டசக்தி மண்டபம் என்ற முகப்பு மண்டபம்தான் வாசல். மேலே மீனாட்சி கல்யாணம் சுதைச் சிற்பமாக, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்ததாக இருக்கும். திருமலை நாயக்கரின் மனைவியர் ருத்ரபதி அம்மாள், தோளிமாமை இருவரும் கட்டியது.

சரி, பக்கத்திலேயே அத்தனை பெரிய கிழக்கு ராஜகோபுரம் இருக்க, ஏன் இந்த வழி? இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, இங்கே அம்மனுக்குத்தான் முதல் மரியாதை, அதனால் அவளுடைய வாசல் வழியாகப் போவதுதான் முறை. இன்னொன்று சோகமானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தில், கோவில் ஊழியர்களின் மானிய நிலத்துக்கு வரி போட்டார்களாம். அதை எதிர்த்து ஊழியர் ஒருவர் கிழக்குக் கோபுரத்தின் மேல் ஏறிக் குதித்து உயிரை விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கோபுர வாசல் வழியாக நுழைவதை ஊர்க்காரர்கள் தவிர்த்தார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. ஒரு ஊர் முந்நூறு வருடமாக நடக்கும் பாதையை ஒரு ஊழியரின் சாவு மாற்றி வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

செல்போன், உடை, செருப்பு?

செல்போனுக்கு 2018 முதல் தடை. கோபுர வாசல்களுக்குப் பக்கத்தில் பாதுகாப்பறைகள் இருக்கின்றன, டோக்கன் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போங்கள். கிழக்கில் கொடுத்துவிட்டு மேற்கில் வெளியே வந்து முழிக்காதீர்கள். உள்ளே நான்கு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், ஊர்க்காரர்களே குழம்புவோம். சொன்ன இடத்தில் சந்திக்க போனும் கையில் இருக்காது. அதனால் கூட்டமாகப் போனால் முன்கூட்டியே "தொலைந்தால் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காரணும்" என்று பேசி வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

உடை: வேட்டி, பேண்ட், சேலை, சுடிதார் எல்லாம் சரி. அரைக்கால் சட்டை, லுங்கி, கையில்லாத பனியன் வேண்டாம்.

செருப்பு வெளியேதான். ஒரு மே மாதம் பகல் பதினொன்றரை மணிக்கு ஆடி வீதியில், அதாவது கோவில் மதிலுக்குள்ளே சுற்றி வரும் திறந்தவெளிப் பாதையில், என் கோயம்புத்தூர் மாமாவை வெறுங்காலோடு நடக்க விட்டேன். இசைத்தூண் பார்க்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போனது நான்தான். கல் பாளம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. பாதிவழியில் அவர் குதித்துக் குதித்து ஓடியதை இன்று வரைக்கும் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லிக் காட்டுகிறார். கோடையில் ஆடி வீதிச் சுற்றைக் காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மனா, சுவாமியா?

அம்மன். இதில் இரண்டு பேச்சே இல்லை.

வழக்கமான சிவன் கோவிலில் சுவாமியைக் கும்பிட்டுவிட்டு அம்பாள் சன்னதிக்குப் போவோம். இங்கே தலைகீழ். மீனாட்சி பாண்டியன் மகள், முடிசூடி ஆண்டவள். சிவன் சோமசுந்தரராக வந்து அவளைக் கட்டிக்கொண்டு இந்த ஊரில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்துவிட்டார். அமைப்பிலும் இது தெரியும். இரண்டு சன்னதியும் கிழக்கு பார்த்தவை. அம்மன் சன்னதி தெற்கில், அதாவது சுவாமிக்கு வலப்பக்கம் இருக்கிறது. "உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று பழைய ஆட்கள் கேலியாகக் கேட்பதற்கு அர்த்தம் இதுதான்: வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது?

உள்ளே நுழைந்ததும் எங்கே கண்ணை ஓட்டுவது? எல்லாம் ஒரே தூணாக இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல ஆசை.

அஷ்டசக்தி மண்டபத்தைத் தாண்டினால் மீனாட்சி நாயக்கர் மண்டபம். 110 தூண்கள், ஒவ்வொன்றிலும் யாளி. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். யாளியும் தூணும் ஒரே கல் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். செதுக்கி ஒட்டியது கிடையாது. ஒரே ஒரு உளி தப்பாக விழுந்தால் மொத்தத் தூணும் வீண். இதே மண்டபத்தின் கோடியில் 1008 விளக்குகள் கொண்ட பித்தளைத் திருவாச்சி, அதாவது வளைவு வடிவ விளக்குச் சட்டம், நிற்கிறது. சிவகங்கை மருது சகோதரர்கள் கொடுத்தது. முழுதும் ஏற்றிய நாளில் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அடுத்து இருட்டு மண்டபம் என்று எல்லோரும் சொல்லும் முதலிப்பிள்ளை மண்டபம். பிச்சை கேட்கும் கோலத்தில் சிவனாகிய பிட்சாடனர், மோகினி, மயங்கி நிற்கும் ரிஷிபத்தினிகள் எல்லாம் இங்கே. பெயருக்கு ஏற்ப வெளிச்சம் கம்மி. வெயிலிலிருந்து வந்த கண் பழக ஒரு நிமிடம் நின்றால்தான் சிலைகள் தெரியும். நின்று பார்க்க ஆள் இல்லாமல் கூட்டம் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு சட்டென்று வெளிச்சம். பொற்றாமரைக் குளம். சுமார் 165 அடி நீளம், 120 அடி அகலம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் இந்தத் திருப்பம் தற்செயல் என்று நான் நம்பவில்லை. குளத்தைச் சுற்றிய மண்டபச் சுவர்களில் சிவனின் 64 திருவிளையாடல்கள் ஓவியமாக இருக்கின்றன. இந்தக் குளத்தில் மீன் கிடையாது என்பார்கள். ஒரு நாரை பக்தியால் மீன் தின்னாமல் பட்டினி கிடந்து முத்தி கேட்டதாம். தன் இனம் இங்கே பாவம் செய்யாதிருக்கக் குளத்தில் மீனே இருக்கக்கூடாது என்று வரமும் வாங்கிக்கொண்டதாம். சங்கப் புலவர்களின் நூல்களைச் சோதிக்கும் சங்கப்பலகை மிதந்து, தகுதியுள்ள நூலை மட்டும் ஏற்றுக்கொண்டது என்ற கதையும் இந்தக் குளத்தைச் சேர்ந்ததுதான். கோவிலுக்குள் சங்கப்புலவர்களுக்கே ஒரு சன்னதி இருக்கிறது. புலவர்களைக் கும்பிடும் ஊர்!

குளத்தின் தென்பக்கப் படியில் உட்கார்ந்து வடக்கே பார்த்தால் அம்மன், சுவாமி இருவரின் தங்க விமானங்களும் தெரியும். சாயங்காலம் வெயில் சாயும்போது உட்காருங்கள்.

குளத்தை ஒட்டிக் கிளிக்கூடு மண்டபம். முன்பு இங்கே உண்மையிலேயே கிளி வளர்த்து "மீனாட்சி" என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். அம்மன் கையில் இருப்பதும் கிளிதானே. பாண்டவர் ஐவரும், வாலியும் சுக்ரீவனும் இந்த மண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். எதிரே ஊஞ்சல் மண்டபம். அதன் விதானத்தில் ராணி மங்கம்மாளின் ஓவியம் உண்டு, அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்.

அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் முக்குறுணி விநாயகர். சுமார் எட்டு அடி. வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் திருமலை நாயக்கர் தோண்டியபோது கிடைத்தவர் என்பது ஊர் நம்பிக்கை. விநாயகர் சதுர்த்தி அன்று மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். பெயர் அதிலிருந்து வந்தது.

அப்புறம் கம்பத்தடி மண்டபம். சுவாமி சன்னதிக்கு முன்னால், கொடிமரத்தைச் சுற்றி. கிருஷ்ண வீரப்ப நாயக்கர் காலத்தில் எழுந்தது, 1870களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் புதுப்பித்தார்கள். எல்லோரும் காலண்டரில் பார்த்திருக்கும் அந்தத் திருக்கல்யாணச் சிற்பம் இங்கேதான் இருக்கிறது. பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்க, சிவன் கைப்பிடிக்க, நடுவில் மீனாட்சி தலை குனிந்து நிற்பாள். எட்டுத் திக்கும் படையெடுத்துப் போனவளின் முகத்தில் அந்த வெட்கத்தைக் கல்லில் கொண்டுவந்த சிற்பி யார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் பெரிய உருவில் வீரபத்திரர், காளி, ஊர்த்துவ தாண்டவர். முன்பு காளிக்கு வெண்ணெய் உருண்டை எறிவார்கள், சின்ன வயதில் நானும் குறி பார்த்து எறிந்திருக்கிறேன். சிலை பாழாகிறது என்று நிறுத்திவிட்டார்கள். நல்லது.

நடராஜர் கால் மாறி நிற்பது உண்மையா?

உண்மை. சுவாமி சன்னதிக்குப் போகும் வழியில் வெள்ளியம்பலம் என்ற நடராஜர் சன்னதியில் பாருங்கள். எல்லா ஊரிலும் இடது கால் தூக்கியிருக்கும், இங்கே வலது கால். ராஜசேகர பாண்டியன் 64 கலைகளில் 63ஐக் கற்று, கடைசியாக ஆடல் கற்றபோது உடம்பு வலி தாங்கவில்லை. நமக்கே இப்படியென்றால் ஒரே காலில் காலகாலமாக ஆடுகிறவருக்கு எப்படி வலிக்கும், காலை மாற்றி ஆடுங்கள் என்று அழுதானாம். திருவிளையாடல் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. இதில் கடவுள் மேல் பரிதாபப்படுகிறவன் மனிதன்.

கோவில் எத்தனை வருடப் பழசு?

தேவாரத்தில் சம்பந்தரும் அப்பரும் இந்தத் தலத்தைத் திருவாலவாய் என்ற பழைய பெயரில் பாடியிருக்கிறார்கள். அது 7ஆம் நூற்றாண்டு. அப்படியானால் கோவில் அதற்கும் முந்தியது. ஆனால் இன்று நீங்கள் தொட்டுப் பார்க்கும் கல் அந்தக் காலத்துடையது அல்ல. வெளிப்புறக் கோபுரங்களில் மூத்தது கிழக்குக் கோபுரம், 13ஆம் நூற்றாண்டு, பாண்டியர் கட்டியது. மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டு, அதுவும் பாண்டியர். 1311இல் மாலிக் காபூரின் படை வந்தது. பிறகு மதுரையில் சுல்தான்கள் சில பத்தாண்டுகள் ஆண்டார்கள். அந்தக் காலத்தில் கோவில் ரொம்ப அடிபட்டது. விஜயநகரத்துக் குமார கம்பணர் படையெடுத்து வந்து மதுரையைப் பிடித்த பிறகு வழிபாடு மறுபடி தழைத்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நாயக்கர்கள் எழுப்பியதுதான் நாம் இன்று பார்க்கும் கோவிலின் பெரும்பகுதி.

ஆக, "2000 வருடக் கோவில்" என்று வழிகாட்டி சொன்னால் தலமாக அது பழசு, கட்டடமாகப் பல வயது கொண்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

முழுவதும் திருமலை நாயக்கர் கட்டியதுதானே?

எங்கள் ஊரில் எது பழசாக இருந்தாலும் திருமலை நாயக்கர் கணக்கில் எழுதிவிடுவோம். அவர் செய்தது நிறைய, அது உண்மை. ஆனால் தெற்குக் கோபுரத்தை 1559இல் எழுப்பியவர் சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார். ஆயிரங்கால் மண்டபம் 1569இல் தளவாய், அதாவது படைத்தலைவர், அரியநாத முதலியார் கட்டியது. வீரவசந்தராயர் மண்டபம் முத்து வீரப்ப நாயக்கர் காலம். முதலிப்பிள்ளை மண்டபம் கடந்தை முதலியார் கைங்கரியம். ராஜா, ராணி, படைத்தலைவர், வியாபாரி என்று ஆளாளுக்கு ஒரு பகுதி கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மண்டபத்துக்கு மண்டபம் கை மாறுகிறது.

எது பழைய தூண், எது நாயக்கர் தூண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தூணின் தலைப்பைப் பாருங்கள். மேலே உத்தரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் கை நீட்டியது மாதிரி ஒரு உறுப்பு இருக்கும், அதற்குப் போதிகை என்று பெயர். அதன் நுனியில் வாழைப்பூ கவிழ்ந்தது மாதிரி ஒரு மொட்டு தொங்கினால் அது விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. பூ தொங்காமல் வெட்டிவிட்டது மாதிரி எளிமையாக இருந்தால் அதைவிடப் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். தூணோடு சேர்ந்து யாளியோ, ஆளுயரச் சிலையோ, குதிரை வீரனோ முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் அதுவும் நாயக்கர் காலம்தான். இதை ஒரு பத்து வயதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அதன் பிறகு கோவில் முழுக்க "இது பூ, இது பூ இல்லை" என்று கத்திக்கொண்டே வந்தான்.

கோபுரங்கள் மொத்தம் எத்தனை? முழுக்கக் கல்லா?

சிறியதும் பெரியதுமாக 14. உயரமானது தெற்கு, சுமார் 160 அடி. மற்ற மூன்று பெரிய கோபுரங்களும் 150 அடியை ஒட்டியவை. தெற்குக் கோபுரத்தில் மட்டும் 1500க்கு மேல் சுதைச் சிற்பங்கள். தள்ளி நின்று அதன் ஓரக்கோட்டைக் கவனியுங்கள், நேர்கோடாக ஏறாமல் உள்பக்கம் லேசாக வளைந்து ஏறும். நான்கில் அழகு அதுதான் என்பது என் கட்சி. மேற்குக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

முழுக்கக் கல் அல்ல. வாசல் இருக்கும் கீழ்ப்பகுதி கருங்கல். மேலே போகப் போகச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். எடை குறைய வேண்டுமே! பொம்மைகள் எல்லாம் சுதை. சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்துச் செய்யும் சாந்து அது. வெயிலும் மழையும் சுதையைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் 12 வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து, வண்ணம் பூசி, கும்பாபிஷேகம் நடத்துவது மரபு. 2009 ஏப்ரல் 8 அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரே மொட்டை மாடியில் நின்றது. திருப்பணிக் காலத்தில் வந்தால் கோபுரம் சாரத்துக்குள் ஒளிந்திருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வண்ணம் ரொம்பப் பளிச்சென்று இருக்கிறது என்று சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். கல்லின் நிறத்தில் இருந்தால்தான் பழமை என்ற எண்ணம் அவர்களுக்கு. வெறும் சுதையாக விட்டால் அத்தனை பொம்மையும் தூரத்தில் ஒரே சாம்பல் குவியலாகத்தான் தெரியும். நூறடி உயரத்தில் இருப்பவர் யாரென்று தெருவில் நிற்பவன் அடையாளம் காண நிறம் வேண்டும்.

வடக்குக் கோபுரத்தை ஏன் மொட்டைக் கோபுரம் என்கிறார்கள்? பொம்மைகள் இருக்கின்றனவே?

கிருஷ்ண வீரப்ப நாயக்கர் தொடங்கினார், முடிக்கவில்லை. மேல்தளம் இல்லாமல் முந்நூறு வருடம் மொட்டையாக நின்றது. 1878இல் தேவகோட்டை வயிநாகரம் நாகப்பச் செட்டியார் முடித்துக் கொடுத்தார். கோபுரம் முடிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது, பட்டப்பெயர் போகவில்லை. மதுரையில் ஒருமுறை பெயர் வைத்தால் வைத்ததுதான். மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் இன்றும் பொம்மைகள் குறைவு. அடியில் முனியாண்டி சாமி இருக்கிறார், அவருக்குத் தனிக் கூட்டம் உண்டு.

இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். வடக்கு ஆடி வீதியில், மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் 22 சிறு தூண்களாகப் பிரித்துச் செதுக்கியது. தடிமன் வேறுபடுவதால் தட்டினால் வேறுவேறு ஒலி வரும். தலைமுறை தலைமுறையாக ஆளாளுக்குச் சாவியாலும் கல்லாலும் தட்டிய தழும்புகள் தெரியும். கண்ணால் பாருங்கள், போதும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையிலேயே ஆயிரம் தூணா?

985. மிச்ச இடத்தைச் சன்னதி எடுத்துக்கொண்டது. இப்போது இது கோவில் அருங்காட்சியகம், சிறு கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் திரும்பிப் போவார்கள். அதனால் மொத்தக் கோவிலிலும் அமைதியான இடம் இதுதான். வாசலருகே குதிரை மேல் இருப்பவர் கட்டிய அரியநாத முதலியார். நுழைந்ததும் விதானத்தில் பிரபவ முதல் அட்சய வரை 60 தமிழ் வருடங்களைக் காட்டும் சக்கரம். உள்ளே ரதி, குறத்தி, பேடி உருவில் (ஆணும் பெண்ணும் கலந்த கோலத்தில்) அர்ஜுனன். அந்த அர்ஜுனன் சிலையில் தாடியும் பெண் உடையும் சேர்ந்தே இருக்கும், முகத்தில் கேலி துளியும் இருக்காது. எந்த இடத்தில் நின்றாலும் தூண் வரிசை கோடு பிடித்தது மாதிரி போகும். குறுக்கேயும் பாருங்கள்.

2018 தீ விபத்தில் என்ன ஆனது?

பிப்ரவரி 2ஆம் தேதி இரவு, கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கே வளையல், பொம்மை, பூஜை சாமான் என்று கடைகள் இருந்தன. தீயின் சூட்டில் கருங்கல் தூண்கள் வெடித்து விரிசல் விட்டன, மேற்கூரை இடிந்தது. கருங்கல் தீக்குத் தாங்கும் என்று நினைத்திருந்தோம். அதிக வெப்பத்தில் மேல்தோல் வேகமாக விரிந்து, உள்ளே குளிர்ச்சி இருக்க, செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. புதிய தூண்களுக்கான கல்லை நாமக்கல் மாவட்டத்திலிருந்து கொண்டுவந்தார்கள். கோவிலுக்குள் இருந்த கடைகள் காலியானதும், செல்போன் தடை வந்ததும் அந்தத் தீக்குப் பிறகுதான்.

இந்துக்கள் அல்லாத நண்பரைக் கூட்டி வரலாமா?

வரலாம். மண்டபங்கள், பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம் எல்லாம் பார்க்கலாம். அம்மன், சுவாமி சன்னதிகளுக்குள் மட்டும் அனுமதி இல்லை, பலகை வைத்திருப்பார்கள்.

உள்ளே யார் போகலாம் என்ற கேள்விக்கு இந்தக் கோவிலில் பெரிய வரலாறு உண்டு. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்துத் தோழர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்தார். அதுவரை அவர்களுக்கு வாசல் அடைத்தே இருந்தது. எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்து பாதுகாப்புக் கொடுத்தது. அனைவருக்கும் திறக்காத கோவிலுக்குள் வரமாட்டேன் என்றிருந்த காந்தி, 1946இல் வந்து தரிசித்தார். கக்கன் பின்னாளில் மாநில அமைச்சரானார். பொற்றாமரைப் படியில் உட்காரும்போது என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாரை கதையோடு இதையும் சேர்த்துச் சொல்வேன்.

வெள்ளைக்காரக் கலெக்டர் அம்மனுக்கு நகை செய்து கொடுத்தாராமே?

ஆமாம், ரௌஸ் பீட்டர். 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டர். மழை இரவில் ஒரு சிறுமி அவரை வீட்டை விட்டு வெளியே கூப்பிட்டாள், அவர் வந்ததும் வீட்டில் இடி விழுந்தது, அந்தச் சிறுமி மீனாட்சி என்பது கதை. நன்றிக்காக அவர் செய்து கொடுத்தது ரத்தினம் பதித்த தங்க அங்கவடி, குதிரையில் ஏறும்போது கால் வைக்கும் வளையம். அம்மன் குதிரை வாகனத்தில் வரும்போது அது காலில் இருக்கும். ஊர் அவருக்குப் பீட்டர் பாண்டியன் என்று பெயரும் வைத்துவிட்டது.

எந்தத் திருவிழாவுக்கு வரலாம்?

கூட்டம் தாங்குவீர்கள் என்றால் சித்திரை. எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிஷேகம், அடுத்து திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகளில் தேர். சித்திரையில் தேர் ஓடும் தெரு ஏன் மாசி வீதி? முன்பு இந்த விழா மாசியில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். அதே நாட்களில் அழகர் வைகையில் இறங்குவார், ஆனால் அவர் இந்தக் கோவிலுக்குள் வருவதில்லை. கல்யாணத்தில் தாரை வார்க்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். திருக்கல்யாணம் நடக்கும் அதே நேரத்தில் ஊர்ப் பெண்கள் வீட்டில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள்.

கூட்டம் ஆகாது என்றால் தைத் தெப்பம் பாருங்கள், இல்லை நவராத்திரிக் கொலுவுக்கு வாருங்கள்.

வெளியே வந்த பிறகு பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புதுமண்டபம். 1635 வாக்கில் திருமலை நாயக்கர் முடித்தது, இன்னும் புதுசுதான். வைகாசி வசந்த விழாவுக்காகக் கட்டியதால் சுற்றிலும் தண்ணீர் ஓட வாய்க்கால் விட்டிருந்தார்கள், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். நாயக்க மன்னர்கள் வரிசையாக ஆளுயரத்தில் நிற்பதும், கல்யானை கரும்பு தின்பதும், மூன்று மார்பு கொண்ட தடாதகையாக, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய கோலத்தில், மீனாட்சி நிற்பதும் இங்கே. ரொம்ப காலம் இந்தத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தன. என் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு அளவெடுத்தது ஒரு யாளிக்குக் கீழேதான். கடைகளைக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்கும் கிழக்கே ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோனது. வாசல் நிலைக்கல் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் சுமார் 50 அடி. சுற்றிலும் கடைகள், வண்டிகள். முடிந்திருந்தால் மற்ற எல்லாக் கோபுரத்தையும் குள்ளமாக்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் போய் ஒரு ஜிகர்தண்டா குடியுங்கள்.

ஒரே ஒரு பூஜைதான் பார்க்க முடியும் என்றால் எது?

இரவுப் பள்ளியறை பூஜை. நடை சாத்துவதற்கு முன், சுவாமி சன்னதியிலிருந்து சொக்கர் என்று நாங்கள் சொல்லும் சுவாமியுடைய திருவடிகளைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எடுத்து வருவார்கள். இந்த வீட்டில் மாப்பிள்ளைதான் பெண் இருக்கும் இடத்துக்கு வருகிறார். ஒன்பது மணிக்கே போய் ஓரமாக இடம் பிடித்து நில்லுங்கள். செல்போனுக்குக் கொடுத்த டோக்கனைத் தொலைத்துவிடாதீர்கள், அந்த நேரத்துக்குத் தேடித் தர ஆள் இருக்கமாட்டார்கள்.